அளவு நாடா வேலியோடு நின்ற இடம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வருகின்ற உறவுகளின் கைகளில் கொடுப்பதற்காக இந்தச் சிறு மலரை அச்சிடுகிறோம். வெள்ளைத்தாள் எங்கும் கிடைக்காததால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். மூத்த மகள் என்ற முறையில் கட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "அப்பாவின்ரை நல்லதுகளை மட்டும் எழுது பிள்ளை. மற்றக் கதை வேண்டாம்" என்று அம்மாவின் தமையனாரான பெரியமாமா இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த மற்றக் கதையை விட்டுவிட்டால் அப்பாவைப் பற்றி உண்மையாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. மாமா கோபிக்கட்டும்.

அப்பா புத்தூரில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயாரை நெருப்புக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பழுதான கிணற்றுத் தண்ணீரால் அந்தக் காய்ச்சல் வரும் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு பாடப்புத்தகத்தில் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுததாக ஒருமுறை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். படித்து முடித்து அரசாங்கத்தில் சுகாதாரப் பரிசோதகராகச் சேர்ந்தார். சுன்னாகத்துக்குக் கிழக்கேயுள்ள இந்த ஊரில் அம்மாவைக் கைப்பிடித்தார். வேலையோ தென்பகுதியில். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அங்கிருந்த வீடும் பொருட்களும் எரிந்துபோக, அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினோம். மாற்றுடுப்பு இல்லாமல் வந்த மனிதர் மூன்றாம் நாளே மாமாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு இங்குள்ள அலுவலகத்துக்குப் போய், தனக்கு எந்தப் பகுதி வேலை என்று கேட்டார். அம்மாவின் சீதன வீட்டில் குடியேறினோம்.

அப்பாவுடன் ஓர் இடத்துக்குப் போவது பெரிய கரைச்சல். கலியாண வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றடியைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் பலகாரத் தட்டோடு காத்திருக்க, இவர் கிணற்றுக்கட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஊரில் அவருக்குக் 'கக்கூசு இன்ஸ்பெக்டர்' என்று பெயர். என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். அவருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. மலசலகூடம் இல்லாத வீடுகளுக்குச் சைக்கிளில் திரும்பத் திரும்பப் போய், கெஞ்சியும் ஏசியும் கட்டுவித்தார். எந்த வீட்டிலும் தேநீர் குடிக்க மாட்டார். குடித்தால் அடுத்தமுறை ஏச முடியாதாம்.

இந்த ஊரில் எவரும் கிணற்றை வளவின், அதாவது வீட்டு நிலத்தின், வடகிழக்கு மூலையில்தான் வெட்டுவார்கள். ஈசான மூலை, வேறிடத்தில் வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கிணற்றிலிருந்து மலசலகூடம் எவ்வளவு எட்டவோ அவ்வளவு நல்லது என்பது அப்பாவின் இலாகாவின் விதி. வடகிழக்கிலிருந்து ஆக எட்டவுள்ள மூலை தென்மேற்கு. ஆகவே சாத்திரத்துக்கும் சட்டத்துக்கும் பிழையில்லாமல் எல்லோரும் தென்மேற்கு மூலையில் குழி வெட்டினார்கள். அப்பா நாடாவைப் பிடித்து அளந்து அனுமதி கொடுத்தார். எங்கள் வீட்டுக் குழியையும் அவர்தான் அளந்து சரியென்று கையெழுத்து வைத்தார்.

எங்கள் வளவின் தென்மேற்கு மூலையில் இராசமணி அக்காவின் வளவு தொடங்குகிறது. அது அவர்களுக்கு வடகிழக்கு மூலை. அவர்களுடைய கிணறு வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் குழி இந்தப் பக்கம். நடுவே ஒரு கிடுகு வேலி. நிலத்துக்குக் கீழே எங்கும் வெடித்த சுண்ணாம்புக்கல். அங்கே வேலி கிடையாது.

மற்றொரு ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவின் பல வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தபோதுதான் அப்பாவுக்கு இது விளங்கியது. பழைய கலண்டர் தாள்களை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில் அந்த ஒழுங்கை முழுவதையும் கீறினார். கிணறுகளுக்கு நீல மை, குழிகளுக்குச் சிவப்பு மை. கீறி முடித்துவிட்டு, "ஒவ்வொரு வளவாப் பார்த்தா எல்லாம் சரி. ஒழுங்கையாப் பார்த்தா எல்லாம் பிழை. நான் வேலியோடை நிண்டு அளந்திட்டன்" என்று அம்மாவிடம் சொன்னார். விண்ணப்பப் படிவத்தில் அயல் வளவுக் கிணற்றின் தூரத்தை எழுத ஓர் இடமே இல்லை என்றும் சொன்னார். மேலதிகாரிகளுக்கு எழுதினார். பதில் வரவில்லை. ஊர்மட்டத்திலாவது ஒரு விதி செய்வோம் என்று வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்.

கூட்டத்தில் நானும் இருந்தேன். இனி அனுமதி வளவுக்கு வளவாக இல்லை, ஒழுங்கைக்கு ஒழுங்கை, இடம் பிழையான குழிகளை மூடி மேற்குப் பக்க நடுவில் வெட்ட வேண்டும் என்று அப்பா படத்தை விரித்துக் காட்டினார். முதலில் எழும்பியவர் பெரியமாமாதான்.

"மச்சான், நீங்கள்தானே அளந்து சரியெண்டு சொன்னனீங்கள். இப்ப நீங்கள்தான் பிழையெண்டும் சொல்லுறியள். நாங்கள் எதைக் கேக்கிறது?"

"இப்ப சொல்லுறதைக் கேளுங்கோ. அப்ப எனக்குத் தெரியேல்லை."

"அப்ப முதல்லை உங்கடை வளவிலை இருந்து தொடங்குங்கோவன்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "ஓம், தொடங்குறன்" என்றார்.

தொடங்கவில்லை. அதற்குக் காரணம் நான். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மங்களகாரியம் நடக்கும்வரை வளவுக்குள் குழி வெட்டவும் கூடாது, மூடவும் கூடாது என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். "இஞ்சருங்கோ, ஒரு வருசம் பொறுங்கோ. பிள்ளையின்ரை காரியம் முடியட்டும்" என்று அம்மா அழுதார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். 'எனக்காகப் பொறுக்க வேண்டாம் அப்பா' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளை, எனக்குச் சாத்திரத்தில் அப்படியொன்றும் நம்பிக்கை இல்லை. கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. முதற் பேச்சு முறிந்தது. இரண்டாவது பேச்சு சரிவர நாள் எடுத்தது. அப்பா இராசமணி அக்கா வீட்டுக்குப் போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று சொல்லாமல் வந்தார். எவருக்கும் அஞ்சாமல் ஏசித் திரிந்த மனிதர் அந்த ஒரு வீட்டில் மட்டும் மென்று விழுங்கினார்.

என் கலியாணம் முடிந்த அடுத்த மாதம் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கிவிட்டது. சீமெந்து தடை. மண்ணெண்ணெய் தடை. கிணறுகளுக்குப் போடும் குளோரின் தூளும் வரவில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எங்கள் உறவுக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எங்கள் வீட்டில் தங்கின. வீட்டுக்குள் இடமில்லாமல் மாமரத்தின் கீழும் படுத்தார்கள். அவ்வளவு பேருக்கும் அந்த ஒரே குழி. அப்பா பகல் முழுவதும் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடங்களில் குழி வெட்டுவித்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு பிள்ளைக்குக்கூட ஒன்றும் வரக்கூடாது என்று பம்பரமாய்ச் சுற்றினார். அங்கே வரவில்லை.

கார்த்திகை மழையில் கிணறுகள் பொங்கின. இராசமணி அக்காவின் கடைசி மகளுக்கு ஒரு காலையில் வயிற்றோட்டம் தொடங்கியது. விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் இரண்டு நாளாகத் தண்ணீர் கொதிக்க வைக்கவில்லையாம். உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தார்கள். சீனியும் கொஞ்சம்தான் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு தகப்பனார் பிள்ளையைச் சைக்கிளில் வைத்து வெள்ளத்துக்குள்ளால் ஆசுப்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனார். சேலைன் முடிந்துபோயிருந்தது. பின்னேரமே பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மரணத்துக்கான காரணத்தை விசாரித்து எழுத வேண்டியவர் எங்கள் அப்பா. அவர் அந்தக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கண்டேன். வாளியை வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியமாமா வந்து கெஞ்சினார். "மச்சான், அகதியளாலை வந்ததெண்டு எழுதுங்கோ. ஊரெல்லாம் இந்த வயிற்றோட்ட வருத்தம்தானே. ஆர் கேக்கப் போகினம்?"

"அகதியள் என்ன செய்தவை? நான் காட்டின குழிக்குள்ளைதானே போனவை" என்றார் அப்பா. நோய் வந்த இடம் என்று எங்கள் வளவின் பெயரையும், அனுமதி கொடுத்தவர் என்று தன்னுடைய பெயரையும் எழுதினார். எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இராசமணி அக்காவின் வீட்டுக்குப் போய், கணவன் மனைவி இருவருக்கும் வாசித்துக் காட்டினார். அக்காவின் கணவர், "இப்ப ஏன் இதை எங்களுக்கு வாசிக்கிறியள்?" என்று மட்டும் கேட்டாராம். அப்பா வந்து அந்தக் கேள்வியை அப்படியே எங்களுக்குச் சொன்னார்.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்தார். ஆட்களைப் பிடிப்போம் என்ற அம்மாவின் சொல்லைக் கேட்கவில்லை. பழைய குழியைச் சுண்ணாம்பும் மண்ணும் போட்டுத் தானே மூடினார். மேற்குப் பக்க நடுவில் புதிய குழியைத் தானே வெட்டத் தொடங்கினார். கல்லுத் தட்டுப்பட்டுக் கைகள் வெடித்துப் போயின. என் கணவரும் வீட்டிலிருந்த உறவுக்காரரும் போய் இறங்கினார்கள். ஒரு கிழமைக்குள் ஒழுங்கையின் மற்ற வீட்டுக்காரர்களும் கலண்டர் தாள் படத்தைக் கேட்டு வந்தார்கள். வாசிகசாலையில் சிரித்தவர்கள்தான். சீமெந்து இல்லாத காலத்தில் பனங்குற்றியைப் பரப்பி மண் மெழுகிக் குழிகளுக்கு மூடி போட்டார்கள். அடுத்த மாரி மழைக்குள் எங்கள் ஒழுங்கை முழுவதும் மாறியது. பிறகு பக்கத்து ஊர்களும் அந்த முறையைக் கேட்டு வாங்கின. அனுமதித் தாளில் அயல் கிணற்றின் தூரத்தை எழுத அப்பா தன் கையால் ஒரு கோடு கீறிச் சேர்த்தார்.

இதற்காக வாசிகசாலையில் அவருக்குப் பொன்னாடை போர்த்த வந்தார்கள். "ஒரு பிள்ளை செத்த பிறகு செய்த வேலைக்குப் பொன்னாடையோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. என் மகள் பிறந்தபோதுகூட, தூக்கி வைத்திருந்துவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

கடைசி ஆண்டில் இதயம் பலவீனப்பட்டது. மருந்து கிடைத்த மாதமும் உண்டு, கிடைக்காத மாதமும் உண்டு. கொழும்புக்குக் கொண்டுபோகப் பயண அனுமதிப் பாஸ் எடுப்போம் என்று தம்பி ஓடித் திரிந்தான். அப்பா மறுத்துவிட்டார். காலமாவதற்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டு, "அவையளிட்டை மன்னிப்புக் கேக்கப் போகாதை பிள்ளை. கேட்டா, ஓம் எண்டு சொல்ல வேண்டிய பாரமும் அவையளுக்குத்தான்" என்றார். இராசமணி அக்கா வீட்டார் செத்தவீட்டுக்கு வந்தார்கள். வாசல் படலைக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்கள்.

எரிபொருள் இல்லாத நாளிலும் அப்பாவை ஆசுப்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய லொறிக்காரர், தங்கள் பங்கிலிருந்து மாத்திரை தந்த மருந்துக்கடைக்காரர், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய பெரியமாமா, எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த ஒழுங்கை வீட்டார், கொப்பித் தாளைச் சேர்த்துத் தந்த ஆசிரியர்கள், பள்ளிக்கூடங்களில் அப்பாவோடு குழி வெட்டிய இடம்பெயர்ந்த மக்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் இராசமணி அக்காவிடம் வாசித்துக் காட்டப் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இப்படி எழுதியிருக்கிறேன், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார்.

"கிழிக்காதை" என்றார். "கொப்பர் எழுதின தாளிலை 'பெண் பிள்ளை, வயது ஏழு' எண்டுதான் கிடந்தது. நீயும் 'கடைசி மகள்' எண்டுதான் எழுதியிருக்கிறாய். அவளுக்குப் பேர் இருக்கு. எங்களுக்கு நோகுமெண்டு ஊரிலை ஒருத்தரும் அதைச் சொல்லுறேல்லை. நீ அதைப் போடு."

அவளின் பெயர் வதனி.