கேட் திறந்திருந்த மலை

மலையேற வனத்துறையிடம் அனுமதி கேட்டால் பதினான்கு நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. நாங்கள் கேட்டு இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. மலேசியாவில், ராசா என்னும் ஊருக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத அந்த மலையடிவாரத்தில் நானும் என் நண்பன் முனியாண்டியும் நிற்கிறோம். சர்க்கரை நோயால் நாளை அவன் வலது காலை எடுக்கப்போகிறார்கள். இளமையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிய மலையில் பாதி தூரமாவது ஏற வேண்டும் என்கிறான்.

"கேட் தொறந்துதான் கெடக்கு. நான் தேத்தண்ணி குடிக்கப் போறேன், எதையும் பாக்கல லா," என்கிறார் கேட்டில் நிற்கும் காவலர்.

"கடுதாசி வரட்டும்," என்கிறேன். முப்பது வருட அலுவலகப் பழக்கம்.

"கடுதாசி வரும் சார். காலு வருமா?"

முனியாண்டி காரில் ஏறிக்கொள்கிறான்.

இருவருக்கும் அனுமதி அளித்த கடிதம், அறுவை சிகிச்சைக்கு மறுநாள் வந்தது.