எண்ணெய் பூசிய ஜீப்பும் சவிரிமுத்து அண்ணரும்

போன செவ்வாய்க்கிழமை காலை, முல்லைத்தீவிலிருந்து எங்கள் முள்ளியவளைக்கு மீன் கொண்டுவரும் வியாபாரி வெறும் பெட்டியோடு வந்து படலையில் சைக்கிளைச் சாத்தினார். “சவிரிமுத்து அண்ணை விடியப்புறம் மோசம்போயிட்டார், வாத்தியார். நித்திரையிலயே” என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நல்லவேளை, அதற்கு முன்னமே அவருடைய ஜீப் ஓடிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே செத்தவீட்டுக்குப் புறப்பட்டேன்.

சவிரிமுத்து அவர்கள் கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் போகாதவர். அலையைக் கண்டாலே தலைசுற்றும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இளமை முழுவதும் ஊர் மீனை லொறியில் ஏற்றி மாங்குளம் ஸ்டேசனில் ரயிலுக்குக் கொடுத்தார். லொறியை விட்டபின் சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. உலக யுத்தகாலத்துப் பட்டாள ஜீப் ஒன்று, மாங்குளத்தில் மர முதலாளி ஒருவரின் காணியில் கறையான் புற்றோடு கிடந்தது. அதை வாங்கி, தெரிந்தவர் ஒருவரின் லொறிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து வளவில் விட்டார். அவர் மனைவி அன்னம்மா அக்கா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. “வீட்டில இருக்க ஒழுங்கான கதிரை இல்லை. இவர் இரும்புக் கதிரை நாலு கொண்டந்திருக்கிறார்” என்று அயலில் சொன்னாவாம்.

நான் வயல் வைத்திருக்கும் பள்ளி ஆசிரியன். உழவு இயந்திரத்தை இரண்டு முறை கழற்றிப் பூட்டிய துணிச்சலில் அந்த ஜீப்பைப் பார்க்கப் போனேன். அவர் என் கையில் நட்டுக் கழற்றும் சாவி ஒன்றைத் தந்துவிட்டார், அவ்வளவுதான். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பூசை முடிந்து வந்தபின் அந்த வளவிலேயே கழிந்தன. கழற்றிய சாமான்களைப் பழைய வலையொன்றில் வரிசையாக அடுக்குவார். நான் அந்தரப்பட்டால், “ஆறுதலாச் செய்யுங்கோ வாத்தியார். யுத்தத்துக்கே போய்வந்த சாமான் இது, உங்கட பள்ளிக்கூட மணிக்குப் பயப்பிடாது” என்பார்.

எஞ்சினும் கியர் பெட்டியும் வெளியே கிடந்த நேரத்தில் அவர் நோயில் விழுந்தார். வயிறு வீங்கியது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்டார். “அரைகுறையா விட்டிட்டுப் போக ஏலாமல் கிடக்கு வாத்தியார். ஒருக்கா ஓடினாப் போதும்” என்றார். அவருக்கு அதிக நாள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பள்ளிச் சோதனை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனபோது வலையில் கிடந்த சாமான்களெல்லாம் பளபளத்தன. வளவெங்கும் சுறா எண்ணெய் நாற்றம். அந்தக் கரையில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவருடைய வள்ளம் உக்காமல் மற்றவர்கள் முறைவைத்து எண்ணெய் பூசுவார்கள். அண்ணருக்கு வள்ளம் இல்லை. ஆகவே இருந்ததற்குப் பூசிவிட்டார்கள். துருப்பிடிக்காமல் காத்தார்களே என்று மகிழ்ந்துபோய், நானும் துடைக்காமல் அப்படியே பூட்டினேன். படித்தவன் செய்த வேலை அது.

ஓட்டும் நாளன்று அண்ணரின் கட்டிலை யன்னலோரம் போட்டிருந்தார்கள். ஸ்டாட்டரை மிதித்த முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்தது. கியரைப் போட்டேன். எஞ்சின் கத்தியது, ஜீப் அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கிளச்சுத் தட்டுக்கு எண்ணெய் பூசினது ஆர்?”

நின்றவர்கள் எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். வழுக்காமல் பிடிக்கவேண்டிய தட்டு அது. அண்ணர் இருமல் வரும்வரை சிரித்தார். “ஒருத்தரையும் ஏசாதேங்கோ வாத்தியார். என்ர வள்ளமெண்டு நினைச்சுப் பூசியிருக்கிறாங்கள்.” பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, “எத்தினை நாள் வேணும்?” என்றார்.

“மூண்டு நாள்.”

“சரி, மூண்டு நாள் இருப்பன்.”

எண்ணெய் பூசிய அதே கைகள்தான் கியர் பெட்டியை மீண்டும் இறக்கின. தட்டைப் பெற்றோலில் திரும்பத் திரும்பக் கழுவி வெயிலில் காயவைத்தோம். வேலை செய்த நேரமெல்லாம் யன்னலைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் அவரைத் தூக்கி முன் இருக்கையில் வைத்து, தலையணைகளை அண்டை கொடுத்து, கரையோரமாக எடுத்தேன். மணலில் வழுக்கிவிடுமோ என்று கிளச்சை மெல்ல மெல்ல விட்டேன். வழுக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் அழுதுவிட்டேன். அண்ணர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில், “ஓம், பிடிக்குது. இனி நான் காது குடுத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை” என்று சொல்லி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் எழும்பும்வரை நான் வண்டியைத் திருப்பவில்லை.

செத்தவீட்டில் அன்னம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. “பிறகு பதினொரு நாள் இருந்தார் தம்பி. ஜீப்பைப் பற்றி ஒரு கதை கேக்கேல்லை. நல்ல நித்திரை” என்றா.

அதுவே எங்களுக்குப் போதும். அமைதியாகப் போய்வாருங்கள், அண்ணை. ஜீப் ஓடுகிறது. பிரேக்கை அமத்தினால் இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.