கடைமடை வீட்டுக் கக்கூஸ்

எங்கள் தெருவில் முதன்முதலில் கக்கூஸ் கட்டியது நான்தான். பெருமைக்காகக் கட்டவில்லை, தங்கைக்காகக் கட்டினேன். அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதும், கூத்தாநல்லூரில் அவள் மாமியார் வீட்டிலிருந்து எனக்கு ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. இரண்டே வரி. "அக்கா, இங்க இருந்தா இதுவும் தங்காது. என்னை எப்படியாவது அழைச்சுக்கிட்டுப் போயிடு."

அங்கே ஏழு பேருக்குச் சமையல். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் தூக்கி மாடிப்படி ஏற வேண்டும். போன இரண்டு முறையும் அந்தப் படியில்தான் அவளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அன்றைக்கே போய் அவள் மாமியார் எதிரில் உட்கார்ந்தேன்.

"வளைகாப்புக்கு முன்னாடி பொண்ண அனுப்புற வழக்கம் இல்லம்மா. அதோட அலையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உங்க ஊர்ல வாய்க்கா கரைக்கில்ல போவணும்? இங்கன்னா வீட்டுக்குள்ளயே கக்கூஸ் இருக்கு" என்றார் அந்த அம்மா.

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்லயும் இருக்குங்க அத்தே" என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். கொல்லையில் ஒரு வாழைமரமும் அடிபம்பும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது.

"அப்டியா? அப்ப நாலாம் மாசம் நானே கூட்டியாந்து பாக்குறேன். சரியா இருந்தா விட்டுட்டு வரேன். இல்லன்னா கையோட திருப்பி அழைச்சுக்கிட்டு வந்துடுவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

ஒரே மாதத்தில் கட்டினேன். போர் போட்டு மோட்டார் வைத்து, மொட்டைமாடியில் தண்ணீர் டிரம்மும் ஏற்றினேன். குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகத் தங்கை சொல்லியிருந்ததால், நாற்காலி மாதிரி உட்காரும் வெஸ்டர்ன் கோப்பையை மன்னார்குடியில் வாங்கி, வைக்கோல் வண்டியில் வைக்கோலுக்கு நடுவே கொண்டுவந்தேன். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "டீச்சருக்குச் சிம்மாசனம் வந்துருச்சுடி" என்று ஒருத்தி கத்தினாள். கொத்தனார் கோப்பைக்குப் பின்னால் பீங்கான் தொட்டியைப் பொருத்திவிட்டு, "இந்த மூடிய மட்டும் தூக்கிடாதீங்க டீச்சர். கை தவறிச்சுன்னா போச்சு" என்று எச்சரித்தார். நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அப்பா ஒன்று மட்டும் சொன்னார். "கட்டு. ஆனா இது கெட்டுப்போச்சுன்னா எவனையும் கூப்புடக் கூடாது. நாமதான் பாத்துக்கணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. மிராசுதார் வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் எங்கள் தெருவுக்குத்தான் கூப்பிட ஆள் வரும். எங்கள் அப்பாவையும் இரண்டு முறை கூட்டிப்போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சோற்றில் கை வைக்கமாட்டாராம், அம்மா இருந்தபோது சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் எங்கள் வீட்டில் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது? டவுனிலிருந்து குழாய் வேலைக்காரர் வருவார்தான். வந்து, தெரு முனையில் சைக்கிளை நிறுத்தி, எந்தத் தெரு என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கூலி கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வருஷம் மேட்டூர் திறந்தும் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. எங்களுடையது கடைமடை. ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் எல்லா வயலையும் பார்த்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு வரும். அப்பாவுக்கு ஒரு மா நிலம் குத்தகை. புழுதியில் விதைத்து, ஒரு மழைக்கு முளைத்த சம்பா பயிர் விரற்கடை உயரத்தில் நின்று வாடிக்கொண்டிருந்தது. முறைப் பாசனம், நாள் வைத்துத்தான் தண்ணீர் என்று அறிவித்தபின் அவர் மண்வெட்டியோடு மடையிலேயே கிடந்தார்.

மடை என்றால் அவருக்கு வெறும் மடை இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கூலிக்குச் சண்டை, குத்தகைக்குச் சண்டை, தண்ணீருக்குச் சண்டை. மேல்மடையில் மிராசுதார் ஆட்கள் செங்கல்லை வைத்துக் களிமண்ணை அப்பி எங்கள் பக்கத்துத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் அப்பா அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தார். தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய இடது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. பின்னால் ஆட்சி மாறியது, குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்தது, குத்தகையும் பதிவானது. கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தங்கை வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கூஸைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கைப்பிடியை அழுத்தினேன். தண்ணீர் சலசலவென்று வந்து, கோப்பையில் ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே சோம்பலாக நின்றது. போட்ட காகிதத் துண்டு மிதந்தது. பத்து நாளாகவே வேகம் குறைவுதான். நான் கூடவே ஒரு வாளி தண்ணீரை ஊற்றிச் சமாளித்துவந்தேன். எனக்குச் சரி. வாளி தூக்கக் கூடாது என்றுதானே அவளை இங்கே கூட்டிவருகிறோம்! அவள் மாமியார் கைப்பிடியை அழுத்திப் பார்க்காமல் விடுவாரா? பஸ் மூன்று மணிக்கு. அப்போது மணி பத்து.

அடைப்பு என்று முடிவுகட்டினேன். விளக்குமாற்றுக் கட்டையின் முனையில் சாக்கைச் சுற்றி, மேலே பழைய சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டி, கோப்பையின் அடியில் வைத்துக் குத்து குத்தென்று குத்தினேன். முகத்தில் தெறித்தது. சே என்று துடைத்துக்கொண்டு மறுபடி குத்தினேன். கைப்பிடியை அழுத்தினால் அதே சோம்பல்.

பிறகுதான் புத்தி வந்தது. பெரிய வாளி நிறையத் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் கோப்பைக்குள் கவிழ்த்தேன். மடக்கென்று விழுங்கிவிட்டது. இன்னொரு வாளி. அதையும் விழுங்கியது. ஆக, அடைப்பு இல்லை. வடிகால் நன்றாக இருக்கிறது, வரத்துதான் போதவில்லை. கடைமடைக்காரி இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்பா மடையிலிருந்து வந்து கொல்லை வாசலில் நின்றார். "என்ன பாப்பா பண்ணுற?"

"இந்தச் சனியன் தண்ணி தள்ள மாட்டேங்குது."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றார். கக்கூஸ் கட்டியதிலிருந்து அவர் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை.

கோப்பையின் விளிம்புக்கு அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அதன் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. துளைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கொண்டை ஊசியை நீட்டி ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. எழுந்து கைப்பிடியை அழுத்தினேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் காகிதம் போகவில்லை. மறுபடி குத்தி, மறுபடி அழுத்தினேன். இப்படியே அழுத்தி அழுத்திப் பார்த்ததில் மாடி டிரம்மில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. மோட்டாரைப் போடப் போனால் கரண்ட் இல்லை. மணி ஒன்றே முக்கால்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மாடிப்படி கண்ணுக்கு முன்னால் வந்தது. தலையில் குடத்தோடு அவள் ஏறுகிறாள். கொத்தனாராவது மண்ணாங்கட்டியாவது என்று தொட்டியின் மூடியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தேன்.

உள்ளே ஒரு முழுச் செங்கல் கிடந்தது. பாதித் தொட்டி நிரம்பியதுமே எழும்பித் தண்ணீர் வரத்தை அடைத்துவிடும்படி, மிதவைப் பந்தின் கம்பியைக் கீழே வளைத்து, கயிறாகத் திரித்த நாரால் இழுத்துக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். நாற்றுக் கட்டுக்கு அப்பா போடுகிற முடிச்சு.

"யப்பா!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "இது யாரு வேல?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்குறேன். எதுக்கு வச்ச?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு வாளித் தண்ணி போவுது பாப்பா. ராப்பகலா மடையில கெடக்கேன், ஒரு சொட்டு வரல. வீட்டுக்கு வந்தா தண்ணி கொட்டுற சத்தம். நெஞ்சு பதறுது. பாதி போனா போதாதான்னு நெனச்சேன்."

"இது உப்புத் தண்ணி! இது உன் பயிருக்கு ஆவுமா?"

"ஆவாதுதான்" என்றார். "தெரியும். சத்தத்தக் கேட்டாத் தாங்கல."

அதோடு நான் விட்டிருக்கலாம். என் கோபம் என்றைக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறது? செங்கல்லைத் தூக்கி அவர் காலடியில் போட்டேன். "அன்னைக்கு மேல்மடைக்காரன் கல்லு வச்சான்னுதானே அடி வாங்குன? இன்னைக்கு நீயே பெத்த பொண்ணுக்குக் கல்லு வச்சிருக்கியே. இன்னும் ஒரு மணி நேரத்துல அந்தம்மா வந்து அழுத்திப் பாக்கும். போவலன்னா சின்னவளத் திரும்ப இழுத்துக்கிட்டுப் போயிடும். இந்தக் குழந்தையும் போச்சுன்னா அது உன் கல்லாலதான்."

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. குனிந்து அந்தக் கல்லை எடுத்தார், வேலிக்கு அப்பால் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக உள்ளே வந்தார். தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார். பந்து விடுபட்டு ஆடியது. தொட்டியின் அடியில் நாலு விரல் தண்ணீர்தான் இருந்தது.

"கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார். நான் அடிக்க, அவர் தூக்கினார். இடது கை எழும்பாது என்பதால் வாளியை வலது கையால் நெஞ்சுவரை தூக்கி, முழங்காலை முட்டுக் கொடுத்துத் தொட்டியில் சாய்த்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தொட்டி நிரம்பியதும் அழுத்திப் பார்த்தோம். ஹோ என்று இறங்கி, கோப்பையில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். அடுத்த தொட்டிக்காக மறுபடி பம்புக்கு ஓடினார்.

கடைசி வாளியைச் சாய்த்து, மூடியைப் போட்டுவிட்டு நாங்கள் வெளியே வரவும், முன்வாசலில் "வீட்ல யாரு?" என்று குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

தங்கை அரை ஆளாக மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடப் பயந்து, மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைக்கு வந்து, கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். தங்கையின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. உள்ளே சத்தமே இல்லை. ஒருவேளை மிதவை சிக்கிக்கொண்டதோ, மூடி வைக்கும்போது ஏதாவது இடறியதோ என்று நினைத்தேன். அப்பா நனைந்த வேட்டியோடு, காலி வாளியோடு, கதவையே பார்த்தபடி நின்றார். கைப்பிடி அழுந்தும் சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் ஹோவென்று இறங்கியது.

அந்த அம்மா வெளியே வந்தார். "அடேங்கப்பா! எங்க வீட்டுல கூட இந்த வேகம் இல்லம்மா" என்றார். அப்பாவின் வேட்டியையும் கையிலிருந்த வாளியையும் ஒரு முறை பார்த்தார். புரிந்ததோ என்னவோ, எதுவும் கேட்கவில்லை. "சரி சம்பந்தி, இங்கயே இருக்கட்டும். வளைகாப்புக்கு நாங்க வந்துக்கறோம்" என்றார்.

தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அவள் தலையைத் தொடப் போய், கை ஈரமாக இருக்கிறது என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதற்குள் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் இல்லையே என்று மறுபடி பம்புக்குப் போய்விட்டார்.

நான் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, பிறகு காலம் கடந்துவிட்டது. அவரும் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. கரண்டை நம்ப முடியாது என்று சொல்லி, தினமும் வயலுக்குப் போகும் முன்னால் கக்கூஸ் வாசலில் நான்கு வாளி தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார். மாசியில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறக்கும்வரை அப்படித்தான் செய்தார்.

அந்தப் புரட்டாசியிலேயே எங்கள் பயிர் கருகிவிட்டது. அப்பா மாடுகளை அவிழ்த்துக் கருகிய பயிரை மேயவிட்டுவிட்டு வந்த அன்றைக்கும் நாலு வாளியும் நிரம்பியிருந்தன.