குட்டனுக்காக நகர்ந்த கொலு

எங்கள் வீட்டுக்கு எலி வந்தது மாமாவின் புளுகினால். அம்மாவின் தம்பியான அவர், மீனும் கிளியும் விற்கும் ஒரு கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். எந்த வேலையிலும் அவர் கொஞ்ச காலம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பைக்குள்ளிருந்து வெள்ளைவெளேரென்று ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, சீமை முயல் குட்டி என்றார். வால் எதற்கு இத்தனை நீளம் என்று அம்மா கேட்டதற்கு, தலைப்பிரட்டைக்குப் போவதுபோல வளர வளரப் போய்விடும் என்று முகம் மாறாமல் சொன்னார். அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன், அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

வால் போகவில்லை. அதற்குள் எலி வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பாவுக்கு மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்கில் வேலை. மூட்டைகளை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. பகலெல்லாம் பொறி வைக்கிற மனுஷன் சாயங்காலம் வீட்டில் எலிக்குத் தேங்காய்க் கீற்று ஊட்டுகிறாரே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். "அது கிடங்கு எலி, இது நம்மாத்து எலி" என்பது அப்பாவின் நியாயம்.

குட்டன் என்று பெயர் வைத்தோம். சிவந்த கண்கள் அவனுக்கு. எதை நீட்டினாலும் முதலில் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவான். வேண்டாம் என்கிறான் போலிருக்கிறது என்று கொடுத்த கடலையை நான் பல தடவை திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாவம், என்னைப் பற்றி என்ன நினைத்தானோ. அப்பாதான் ஒரு நாள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, விரலை முன்னும் பின்னும் அசைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்குக் கண்ணு சரியாக் காணாது. தலையை ஆட்டி ஆட்டித்தான் தூரத்தை அளக்கறான்."

அதன்பிறகு வீட்டில் அப்பாவின் சட்டங்கள் அமலுக்கு வந்தன. தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூண்டைக் கழுவினாலும் பழைய துணியில் ஒரு துண்டை உள்ளே விட்டுவைக்க வேண்டும். வாசனை போனால் அவனுக்கு வீடே போன மாதிரி. சாயங்காலம் கூடத்தில் திறந்துவிட்டால் சுவரை ஒட்டியே ஓடுவான். மேஜைக்கால், தையல் மிஷின், பீரோ, மறுபடி கூண்டு. அந்த வழியில் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. எலியின் மனசு அப்பாவுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. கொலு வைக்கும் ஆசை வந்துவிட்டால் அம்மாவின் கையில் எந்தச் சாமானும் இருந்த இடத்தில் இருக்காது. பெஞ்சும் டீப்பாயும் தகரப் பெட்டியும் படிகளாகி வெள்ளை வேஷ்டிக்குள் மறைந்தன. தகரப் பெட்டியின் மூலை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதே சாக்கில் தையல் மிஷினும் ஜன்னலோரம் போய்விட்டது. இருட்டு மூலையில் ஊசி கோக்க முடியவில்லை என்பது அம்மாவின் நெடுநாள் புகார்.

மாமிகள் வந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமான வேளை ஆயிற்றே என்று நான் கூண்டைத் திறந்தேன். குட்டன் சுவரை ஒட்டி ஓடினான். தையல் மிஷின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நின்று தலையை ஆட்டினான். ஒரு மாமி அலறிக் காலைத் தூக்க, எங்கோ பாய்ந்து மறைந்துவிட்டான்.

வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே மீன்காரர் போகிற தெரு, பூனைகளுக்குப் பஞ்சமே இல்லை. பூனைக்குக் கொண்டாட்டம் எலிக்குத் திண்டாட்டம் என்று வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அன்று அதை நினைத்துக்கொண்டே பீரோவுக்கடியில் குனிந்து தேடினேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். "அப்பா, குட்டனைக் காணோம்" என்று நான் அழ, அவசரமாக உள்ளே கால் வைத்தவர் தகரப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு குப்புற விழுந்தார். கீழ்ப்படியில் மளிகைக்கடை விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மை உருண்டு உடைந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. தரையில் இருந்தபடியே, அத்தனை பேர் நடுவில், அம்மாவிடம் கத்தினார்.

"அவனுக்குக் கண்ணு காணாதுன்னு நோக்கு அறியாதா? பின்னே எதுக்கு எல்லாத்தையும் மாத்தி வச்சே?"

அப்பா கத்தி நான் கேட்டதேயில்லை. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு எலிக்கா இந்தப் பாடு என்று மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா நகத்தால் தரையைத் தட்டினார். "குட்டா, இங்கதான் இருக்கேன், வாடா" என்றார். வேஷ்டியின் ஓரம் அசைந்தது. முதலில் மூக்கு, பிறகு மீசை, பிறகு முழு குட்டனும் கீழ்ப்படிக்கு அடியிலிருந்து வந்து அவர் உள்ளங்கையில் ஏறினான். அலறிய மாமியே, பிள்ளையாரோட வாகனமாச்சே என்று ஒரு கடலையை நீட்டினாள். அவன் தலையை ஆட்டினான்.

"வேண்டாங்கறதே" என்றாள் மாமி.

"இல்லை மாமி, அளக்கறான்" என்றேன் நான்.

கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது என்பது அம்மாவுக்கு வேதவாக்கு. விஜயதசமிக்கு ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்வரை தூசி தட்டக்கூட விடமாட்டாள். அப்படிப்பட்டவள், மாமிகள் போனதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொம்மைகளையெல்லாம் இறக்கிப் படிகளை உள்ளறைக்கு மாற்றினாள். தையல் மிஷின் இருட்டு மூலைக்கே திரும்பியது. என் எலிக்காக எங்கள் வீட்டில் கொலுவே நகர்ந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அப்பாவுக்கு வெளிச்சம் மங்கினால் கண் தெரியாது என்பதும், அது கூடிக்கொண்டே போகிற நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்ததும் அந்த நவராத்திரிக்கு முன்பே அப்பா, அம்மா இருவருக்கும் தெரியும். எனக்குச் சொன்னது நான் காலேஜில் சேர்ந்த பிறகு. இப்போது காக்கநாட்டில் வேலை முடிந்து நான் வரும்போது, விளக்குப் போடாத கூடத்தில் அப்பா பீரோ, தையல் மிஷின், மேஜைக்கால் என்று சுவரோரமாக நடந்து வந்து கதவைத் திறக்கிறார். நான் கூப்பிட்டுவிட்டுத்தான் அவர் கையைத் தொடுகிறேன்.

எலிகளுக்கு ஆயுசு குறைவு. நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போது குட்டனைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்த அன்று, அழுகையெல்லாம் ஓய்ந்தபின் அம்மாவிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். இனி தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"வேண்டாம்டீ. பழகின இடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எலிமேல் அம்மாவுக்கு இத்தனை பாசமா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, மாமாவிடம் சொல்லி வேறு குட்டன் வாங்கிக்கொள்ளலாம், அழாதே என்று தேற்றினேன்.