கப்பலுக்குப் பதில் காசு

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்து அகதி விடுதியில் சுந்தரேஸ்வரியை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவள். பாரசீகனுக்குப் பயந்து தீவுகள் எல்லாம் அதென்ஸோடு கூட்டுச் சேர்ந்த கதையை அவளைப்போலச் சொல்ல ஆளில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கப்பல் தருவதாகப் பேச்சு. கடலுக்குப் போக அலுத்த தீவுகள் கப்பலுக்குப் பதில் காசு கொடுத்தன. அந்தக் காசில் அதென்ஸ் தன் கப்பலைக் கட்டியது. பிறகு விலகப் பார்த்த தீவின் கரையில் அதே கப்பல்கள்தான் வந்து நின்றன. "சொந்தக் காசில சூனியம்!" என்று வகுப்பைச் சிரிக்க வைப்பாள்.

எண்பத்தாறாம் ஆண்டில், அகதிகளைப் பிடிக்காத யாரோ எறிந்து விடுதி யன்னலுக்குக் கல் விழுந்தது. பக்கத்து நகரமான டோர்ட்மண்டில் இருந்த செல்வரட்ணம் என்பவர் சுற்றியுள்ள விடுதிகளைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். எங்கே ஆபத்தோ அங்கே எல்லா விடுதியும் காவலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். நல்ல யோசனை, யார் மறுப்பார்? டீச்சரின் கணவன் பரராசசிங்கமும் போனான். ஆனால் அகதி வழக்கு முடியாதவர் அனுமதியில்லாமல் தனக்கு ஒதுக்கிய ஊரின் எல்லையைத் தாண்டக்கூடாது. ரயிலில் பொலிஸிடம் பிடிபட்டான். இன்னொரு தரம் பிடிபட்டால் வழக்கே கெட்டுவிடும் என்றார் சட்டத்தரணி.

அடுத்த கூட்டத்தில் டீச்சர்தான் எழும்பினாள். "அண்ணை, எங்கட ஆக்களுக்கு வர ஏலாது. மாதாமாதம் காசு தாறம். நீங்கள் அங்கயே ஆள் வையுங்கோ."

"ஓம் டீச்சர், அதுக்கென்ன," என்று செல்வரட்ணம் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டும் அவளுக்கு உறைக்கவில்லை. புருஷனைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்ததும், வருசக்கணக்காகப் படிப்பித்த பாடத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. படித்தென்ன, கிழித்தென்ன!

காசு போனது. டோர்ட்மண்டில் ஒரு வான் வந்தது, அதில் சுற்ற வாட்டசாட்டமான பொடியன்கள் வந்தார்கள். பிறகு விடுதிகள் கட்ட வேண்டிய மாதப் பங்கு கூடியது. ஏன் என்று கேட்ட ஒரு விடுதிக்குக் காவல் நிறுத்தப்பட்டது. அந்தக் கிழமையே அங்கே கல் விழுந்தது. எறிந்தது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பங்கு மறுபடியும் கூடியபோது டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள் விலகிறம்," என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் வான் விடுதி வாசலில் வந்து நின்றது. இறங்கிய பொடியன்கள் கதவோரம் வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் அவளுக்குப் பாடம் ஞாபகம் வந்தது.

செல்வரட்ணம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வந்தார். கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார்.

"விலகிறதெண்டு ஒண்டும் இல்லை டீச்சர். காசு கஷ்டமெண்டா விடுங்கோ. பழையபடி ஆளைத் தாங்கோ. இவர் வரட்டும்," என்று பக்கத்தில் நின்ற பரராசசிங்கத்தைக் காட்டினார்.

"அவர் பிடிபட்டா வழக்குப் போயிடும் அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

பரராசசிங்கம் வாசலைப் பார்த்தான். பிறகு கோட்டை எடுத்து மாட்டினான். சுந்தரேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காசு தாறம் அண்ணை. நீங்கள் கேட்டதைத் தாறம்."

"நல்லது டீச்சர். அதையும் தாங்கோ," என்று செல்வரட்ணம் பரராசசிங்கம் வானுக்குப் போக வழி விட்டார்.