நத்தார் லீவும் மூன்றாம் தவணையும்

விமானப் பயணிக்குச் சாப்பாட்டுத் தட்டு பெரிய விஷயம். டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் அதை அடுக்கும் எங்களுக்கோ நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், லீவுதான் பெரிய விஷயம். பண்டிகை நாளில் வேலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பகுதியில் ஒருவருக்குத்தான் அந்த லீவு. யாருக்கு என்று நாங்கள் தெரிவு செய்யும் தலைவர் சொல்வார். ஒருவர் இரண்டு வருடம்தான் தலைவராக இருக்கலாம் என்ற விதியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தோம். தலைவர் மன்னார் யோசேப்பு அண்ணை. இரண்டு நத்தாருக்கும் தமக்கே லீவு கொடுத்துக்கொண்டார்.

சனம் கேட்கிறது

மூன்றாம் நத்தார் பூசையில், நானும் அண்ணையும் போகும் பங்குக் கோயிலில், என் மகள் முதல்முறையாகத் தனியே பாட இருந்தாள். ஆகவே, அடுத்த தலைவராக நான் நிற்கிறேன் என்றேன்.

"நான் விடத்தான் நினைச்சனான், தம்பி. சனம் விடுதில்லையே!" என்றார் அண்ணை.

பக்கத்தில் நின்ற எமில் கமரூன்காரர். அந்த வருடம்தான் அவர் நாட்டுப் பாராளுமன்றம் ஜனாதிபதி இத்தனை தவணைதான் பதவியில் இருக்கலாம் என்ற வரம்பை நீக்கியிருந்தது. அண்ணை சொன்னதை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். "எங்கள் ஜனாதிபதியையும் சனம்தான் கேட்டதாம். நானும் சனம்தான், என்னிடம் ஒருவரும் விசாரிக்கவில்லை" என்றார்.

புதுக் கணக்கு

புதுக் குளிர்பெட்டி வந்தது. பழையது போனபோது கதவோடு விதியும் போயிற்று. அண்ணையின் முகம் மலர்ந்தது. "அந்த விதி பழைய பெட்டிக்குத்தான். இனி முதல்லையிருந்து எண்ணவேணும்."

எமில் பெருமூச்சு விட்டார். "பாவம் எங்கள் பாராளுமன்றம், வீணாக வாக்கெடுப்பு நடத்தியது. ஒரு குளிர்பெட்டி வாங்கியிருக்கலாம்."

பயம்

ஒருநாள் இடைவேளையில் நேரே கேட்டேன்: "ஏன் அண்ணை, இறங்க என்ன பயம்?"

 அவர் தேநீரைக் கலக்கியபடி சொன்னார்: "இறங்கினா நீ என்னை நத்தாருக்கு வேலைக்குப் போடுவாய். நான் உன்னைப் போட்டனான் எல்லே?"

பொது மன்னிப்பு

இப்படியே விட்டால் இனி எல்லா நத்தாரும் அவருக்குத்தான். வேறு வழியில்லாமல், இறங்கினால் இந்த ஒரு நத்தாருக்கும் அவருக்கே லீவு என்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன். அண்ணை அந்த நிமிடமே விலகினார். விதியைப் புதிதாக எழுதி, தம் கையாலேயே ஒட்டினார்.

எமில் என் கையைக் குலுக்கினார். "ஒரேயொரு லீவுக்கு ஆட்சி மாற்றமா! எங்களுக்கு இந்த விலையில் யார் தருவார்கள்?"

இப்படியாக ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் ஆட்சி கைமாறியது. மகள் எப்படிப் பாடினாள் என்பதை மட்டும், பூசைக்குப் போய்வந்த முன்னாள் தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.