வடக்கு பிடித்த கதை

அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பின்பாதி, நில அளவை வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கரையோரச் சவுக்குத் தோப்பருகில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள் நட வேண்டும். கப்பல்காரர்கள் அந்த நேர்கோட்டைப் பார்த்துத் தங்கள் திசைகாட்டியைச் சரிசெய்துகொள்வார்கள். ஆகவே கோடு சுத்தமான வடக்காக இருக்க வேண்டும். எங்கள் அதிகாரி காந்த ஊசியை வைத்து ஏற்கெனவே கல் நட்டு, மேலிடத்துக்கும் எழுதிவிட்டார். அதை ஒப்புக்குச் சரிபார்க்கத்தான் சீமையிலிருந்து வந்த, பம்பரம்போல் சக்கரம் சுழன்று வடக்கைக் காட்டும் சுழலி யந்திரமும் நானும்.

காந்த ஊசி பக்கத்தில் கடப்பாரை கிடந்தாலே மயங்கிவிடும். சுழலிக்கு இரும்பு பொருட்டல்ல; பூமி சுற்றுவது ஒன்றுதான் அதற்குக் கணக்கு. உள்ளே தொங்கும் சக்கரம் வேகம் பிடித்துக் கிறீச்சிட்டதும் வெடிக்கப்போகிறதென்று நான் சவுக்கு மரத்துக்குப் பின்னால் பாய்ந்தேன். வேட்டி முள்வேலியிலேயே தங்கிவிட்டது. அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆள் அதை எடுத்து வந்து நீட்டினான்.

“இன்னா அண்ணாத்த, மிஷினு தொரத்திகினு வந்துச்சா?”

வேட்டியைக் கட்டிக்கொண்டு யந்திரத்தின் கண்ணாடியில் கண் வைத்தேன். முள் மெல்ல இடது கோடிக்குப் போய்த் திரும்பும், பிறகு வலது கோடி. திரும்பும் இடங்களைக் குறித்து நடுவைக் கண்டால் அதுதான் வடக்கு. மூன்று தடவை பார்த்தேன், மூன்றும் ஒன்றே. அதிகாரியின் கோடு கால் பாகை விலகியிருந்தது. இருநூறு கஜத்தில் ஏறக்குறைய இரண்டு முழம்.

ஜீப்பில் வந்து பார்த்த அதிகாரி, யந்திரம் பழுது என்று எழுதச் சொன்னார். மறுத்தால் மாற்றல் என்றும் சொன்னார். முழங்கால்கள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டன. நாக்கு மட்டும் யாரைக் கேட்டுப் பேசியதோ தெரியவில்லை.

“நடுங்கறது நான்தான் சார், மிஷின் இல்ல.”

எங்கள் அளவுப் புத்தகத்தில் மையால் எழுதியதை அழிக்கக் கூடாது. அடிக்கலாம், ஆனால் அடித்தவர் பக்கத்திலேயே காரணமும் கையெழுத்தும் போட வேண்டும். நான் அந்தக் கால் பாகை விலகலை மையால் எழுதி, புத்தகத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன்.

“அடிச்சுட்டு கையெழுத்து போடுங்க சார்.”

பேனாவைத் திறந்தார். அலை மூன்று நான்கு முறை வந்து போனது. மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அந்த வாரமே வடக்குக் கம்பம் அவர் நட்ட கல்லிலிருந்து இரண்டு முழம் தள்ளி நடப்பட்டது. நானும் செய்யூருக்குத் தள்ளி நடப்பட்டேன். உத்தரவு வந்த அன்று நாலு தடவை கொல்லைக்கு ஓடினேன் என்பது உண்மை. மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை என்பதும் உண்மை.